ஓரத்தில் இரண்டு விரல்

களுவாஞ்சிகுடியில்
பிரதேச செயலகத்துக்கு எதிர்ப்பக்கம்
ஒரு மெசின், ஒரு மேசை, ஒரு ஸ்டேப்ளர்.
பிரதி ஒன்று பத்து ரூபா.
அடையாள அட்டையின் முன்னும் பின்னும்
ஒரே தாளில் விழ எடுக்கத் தெரியும் எனக்கு;
அதற்குக் கூடுதல் காசு இல்லை.

டோஹாவிலிருந்து தம்பி வீடியோவில் கேட்டான்:
"பட்டன் அமத்தவா அக்கா
ஏ.எல். வரைக்கும் படிச்ச நீங்க?"
போனோடு மெசின் பக்கம் கிறுகினேன், காட்டலாமென்று.
அது அந்நேரம் பார்த்துத்
தாள் சிக்கி நின்றது.

மழையில் நனைந்து வரும் தாளை
முதலில் துவாயில் ஒற்றுவேன்.
மடிப்பை நகத்தால் நீவுவேன்.
பின்னால் ஒரு வெள்ளைத் தாள் வைக்க வேண்டும்,
இல்லாவிட்டால் மறுபக்கத்து முத்திரை
செத்தவரின் பெயருக்குள் ஏறிவிடும்.
பிறகு கறுப்பைக் கூட்டுவேன்.
எண்பதுகளில் தட்டச்சில் அடித்த பெயர்கள்
இரண்டு படியில் எழும்பும்.
தொண்ணூறில் அவசரமாய்க் கையால் எழுதியவற்றுக்கு
நான்கும் போதாது.

வாசிப்பதில்லை. அது என் சட்டம்.
நான்கு மூலையும் நேரா என்று மட்டும் பார்ப்பேன்.
ஆனாலும் கண் என்ன கதவா?
யாருடைய வளவு யாரிடம் ஈட்டில்,
எந்தப் பிள்ளைக்குத்
தகப்பன் பெயர் வரும் இடத்தில் வெறும் கோடு,
எல்லாம் கண்ணாடிக்கு மேல் கிடக்க
வெளிச்சம் அடியால் போய்வரும்.
மூடியைத் திறந்ததும் மறந்துவிட வேண்டும்.
பாதி மறப்பேன்.

போன புதன், ஓந்தாச்சிமடத்திலிருந்து ஒரு பெண்.
ஐந்து பிரதி கேட்டாள்.
மூன்றாவதில் என் சட்டம் பிழைத்தது:
விவாகப் பதிவில் நேசராணி,
யாரோ நிரப்பிக் கொடுத்த படிவத்தில் நேசரானி.
ஒரு சுழி.
உள்ளே இருக்கிற ஐயா அந்தச் சுழியை விடமாட்டார்.
"மறுகா வாறன்" என்றாள், முகம் சுண்டி.
மறுகா என்றால் அடுத்த புதன்.
அடுத்த புதன் என்றால்
இன்னொரு நாள் கூலி.
லாச்சியிலிருந்து புதுப் படிவம் எடுத்து
நானே எழுதினேன், ணகரத்தைக் கொஞ்சம் பெரிதாகவே.
பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்,
"கரண்ட் போகப்போகுது, கெதியா."
மூன்றரைக்கு அவள் தெருவைக் கடந்து ஓடினாள்.

கிடைத்ததா, தெரியாது.
தெருவைக் கடந்த தாள் எதுவும்
திரும்பி வந்து
என்ன நடந்தது என்று சொன்னதில்லை எனக்கு.

ஆனால் ஒன்று.
தை மாதம், லேமினேட் செய்த ஒரு பிறப்புச் சான்றிதழ்
வாழைப்பூ மடல்போல் சுருண்டுகொண்டே வந்தது.
மூடி படியவில்லை.
ஓரத்தை விரலால் அமத்திப் பிடித்து
அப்படியே எடுத்துக் கொடுத்தேன்.
பாடசாலை அனுமதிக்குக் கடைசி நாள்,
தாய் பார்க்காமலே பறந்துவிட்டாள்.
தட்டில் தங்கிய மற்றப் பிரதியை
பிறகுதான் கண்டேன்.
பிள்ளையின் பெயர், பிறந்த இடம், பதிவாளரின் ஒப்பம்.
இடது ஓரத்தில்
கறுப்புக்குள்ளிருந்து நீண்ட என் இரண்டு விரல்,
நகவெடிப்பு, ரேகை எல்லாம் தெளிவாக.

அந்தத் தாளின் கூட்டாளி இப்போது
ஏதோ ஒரு இரும்பு அலுமாரியில்
நாடா கட்டிய கோப்புக்குள் கிடக்கும்.
விரல் யாருடையது என்று
ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.
பிள்ளை முதலாம் வகுப்பில் இருக்கிறது.

தம்பிக்கு இதைச் சொல்லவில்லை.
பழுதான தாள்களை நாலாய் வெட்டிக்
கணக்குப் போடக் கொடுக்கிறேன், கேட்கிற பிள்ளைகளுக்கு.
அந்த ஒன்றை மட்டும் வெட்டவில்லை.

ஐந்தேகால் கல்முனை பஸ்ஸில் வீட்டுக்குப் போகையில்
அந்தப் பள்ளிக்கூட மதில் வரும்.
கம்பியைப் பிடித்திருக்கும் கையில்
இரண்டு விரல் மட்டும்
கொஞ்சம் இறுகும்.
பஸ் குலுக்கியதாகவும் இருக்கலாம்.